போர்வையின் ஓரத்தைப் பிடித்தவள்

டீ நன்றாக இருக்கிறது, மேடம். இஞ்சியைத் தட்டிப் போட்டிருக்கிறார்கள், டம்ளரைக் கிட்டே கொண்டுவரும்போதே வாசனை தெரிகிறது. ஸ்டேஷனில் இவ்வளவு மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. என் கையில் இருப்பது வீட்டுச் சாவிதான். அவசரத்தில் கைப்பையை எடுக்காமல் வந்துவிட்டேன். இருக்கட்டும், கையிலேயே வைத்துக்கொள்கிறேன்.

உள்ளே வந்ததும் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "தெரியாமத்தானம்மா செஞ்சீங்க, எங்க வீட்லயும் சளின்னா ஆவிதான் புடிப்போம், பேசாம வீட்டுக்குப் போங்க" என்றீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் நான் தெரியாமல் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால், பக்கத்து அறையில் உட்காரவைத்திருக்கிறீர்களே ஜான்சி, அவள் எனக்கு எதையும் எடுத்துச் சொல்லவில்லை என்றாகிவிடும். நர்ஸ் வேலைக்கு வந்தவள் தடுத்திருக்க வேண்டாமா என்று கேட்பார்கள். அவள் தடுத்தாள். அதனால்தான் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பெயர் தபீதாள். செம்பாக்கத்தில், ஏரிக்குப் பின்தெருவில், வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். பைபிளில் நல்ல காரியங்கள் செய்த ஒரு பெண்ணின் பெயர் என்று அப்பா தேடி வைத்தார். அந்தப் பெயருக்குக் குறை வராமல்தான் நடந்திருக்கிறேன். சபையில் யார் வீட்டில் பிரசவம் என்றாலும் பூண்டு ரசம் வைத்துக்கொண்டு போய் நிற்பேன். வாசலில் யாராவது தண்ணீர் கேட்டால் மோராகவே கொடுப்பேன். பெரிய தர்மம் செய்ய வசதியில்லை. சின்னச் சின்ன உபகாரம்தான் கடவுளுக்கும் பிடிக்கும் என்று நம்புகிறவள் நான்.

ஜாஸ்மின் என் அண்ணன் ஜீவானந்தத்தின் மகள். ஒரு பொங்கல் சமயம், பெருங்களத்தூர் நெரிசலில், அண்ணனும் அண்ணியும் போன பைக்கின் மேல் லாரி ஏறிவிட்டது. அப்போது அவள் எல்.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள். நான் தூக்கிக்கொண்டு வந்தேன். பிறகு என் கல்யாணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

எங்கள் குடும்பத்து மூக்கு என்று ஒன்று உண்டு. நடுவில் ஒரு மேடு, நுனியில் கீழ்நோக்கி ஒரு வளைவு. அப்பாவுக்கு, அண்ணனுக்கு, எனக்கு, அவளுக்கு. என்னைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவளைக் கழுகு என்று கூப்பிட்டார்கள். அழுதுகொண்டு வருவாள். "நம்ம ரெண்டு பேரையும் கடவுள் ஒரே அச்சுல செஞ்சிருக்காருடா" என்பேன். சிரித்துவிடுவாள்.

வளர்ந்த பிறகு சிரிக்கவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் நான் செய்த கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். பிறகு தரகர் போன் செய்து, "எல்லாம் புடிச்சிருக்காம், மூக்குதாம்மா கொஞ்சம்..." என்று இழுப்பார். அன்று சாயங்காலம் மீந்த கேசரியில் நெய் விட்டுச் சூடுபண்ணி, நானும் அவளும் ஒரே தட்டில் சாப்பிடுவோம். அவள் அழுதுகொண்டே சாப்பிடுவாள். நான் தலையைத் தடவிக்கொடுப்பேன். அந்தக் கேசரி எனக்கு எப்போதும் ருசியாகத்தான் இருந்தது. இதை வெளியே சொல்வது இதுதான் முதல் தடவை.

ஒரே ஒரு வீட்டார், படப்பைக்காரர்கள், "மூக்கு என்னங்க மூக்கு, பொண்ணு தங்கமா இருக்கு, எங்களுக்குச் சம்மதம்" என்றார்கள். அந்த போனை எடுத்தது நான். பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று அவர்களிடம் சொன்னேன். அவர்களுக்கும் மூக்கு பிடிக்கவில்லையாம் என்று அவளிடம் சொன்னேன். அன்றைக்கும் கேசரி சாப்பிட்டோம். அதற்குப் பிறகுதான் அவள் பாங்காக் பேச்சை எடுத்தாள். அவளுடைய ஆபீசில் ஒரு பெண் அங்கே போய் மூக்கைச் சரிசெய்துகொண்டு வந்திருந்தாளாம்.

"துணைக்கு ஒரு ஆள் வேணும் அத்தை. உங்களை விட்டா எனக்கு யாரு?" என்றாள்.

நான் போனேன். அதுவரை திரிசூலம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது தலைக்கு மேலே விமானம் போவதைப் பார்த்ததோடு சரி. அவள் எனக்கு ஜன்னல் பக்கத்து இருக்கையை விட்டுக்கொடுத்தாள். பெல்ட்டை அவளே மாட்டிவிட்டாள்.

ஆபரேஷன் முடிந்து, மயக்கம் முழுதாகத் தெளியாமல் அவள் கிடந்தாள். மூக்கின் மேல் வெள்ளையாக ஒரு அச்சு, மாவுக்கட்டு மாதிரி. இரண்டு கண்ணும் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன. மொழிபெயர்க்க வந்த மலேசியத் தமிழ்ப் பெண், பினாங்குக்காரி, டாக்டர் சொன்னதை என்னிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "குனியக் கூடாது அம்மா. மூக்குச் சிந்தக் கூடாது. சூடு ஆகவே ஆகாது லா. உங்க ஊர்ல ஆவி பிடிப்பீங்கதானே, அது மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளுக்குள்ள ரத்தம் கட்டிக்கும். காய்ச்சல் வந்தா உடனே டாக்டரைப் பார்க்கணும்." நம் வழக்கம் தெரிந்த பெண். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். தையல்காரிக்கு அளவை ஒரு தடவை சொன்னால் போதும்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை எடுத்துத் தங்கினோம். தலையை உயர்த்தி வைத்துத்தான் படுக்க வேண்டும் என்பதால், அவள் முதுகுக்கு என் தலையணையையும் கொடுத்தேன். வாயால்தான் மூச்சுவிட்டாள். கஞ்சியை ஆற்றி ஸ்பூனால் ஊட்டினேன். தலை வாரினேன், பல் விளக்கிவிட்டேன். சிரித்தால் வலிக்கும் என்று, "சிரிக்கவைக்காதீங்க அத்தை" என்பாள், அதைச் சொல்லும்போதே இரண்டு பேருக்கும் சிரிப்பு வரும். எல்.கே.ஜி. பிள்ளையாக இருந்தபோது என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினதுபோல அங்கேயும் தூங்கினாள். என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் அவைதான், மேடம்.

பிறகு அச்சை எடுத்தார்கள். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. நேராக, சின்னதாக, பொம்மைக்கு வைத்ததுபோல. அவள் கண்ணாடியைப் பார்த்து அழுதாள். என் அண்ணன் அந்த முகத்திலிருந்து எழுந்து போய்விட்டதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அறைக்கு வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அத்தை, எனக்காக உங்க வயசே போயிடுச்சு. இனிமே உங்களைக் கஷ்டப்படுத்த மாட்டேன். சோழிங்கநல்லூர்ல ஆபீஸ் பக்கத்துலயே ஒரு வீடு பாத்துக்கறேன். சண்டே சண்டே சர்ச்சுக்கு வந்துடறேன். நீங்க இனிமே உங்களுக்காக இருங்க."

அன்பாகத்தான் சொன்னாள். சோழிங்கநல்லூர் எங்களுக்கு ஒரே பஸ். மேடவாக்கம் வழியாகப் போகும். ஆனால் உங்களுக்காக இருங்கள் என்றால், எதை வைத்துக்கொண்டு இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. விமானத்தில் திரும்பி வரும்போது அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். ஜெபமும் செய்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. எல்லோருக்கும் அப்படி இருக்குமாம், தானாகச் சரியாகிவிடுமாம். "மூச்சே விட முடியல அத்தை" என்று தவித்தாள்.

"ஆவி புடிச்சா இளகிடும்டா" என்றேன்.

"டாக்டர் ஓகே சொன்னாரா?"

"வீட்டுக்குப் போனதும் புடிக்கலாம்னு அந்தப் பினாங்குப் பொண்ணு சொல்லிச்சே."

எதையும் போனில் தேடிப் பார்க்கிறவள் அவள். அன்று தேடவில்லை. நான் ஒன்றைச் சொன்னால் அவள் சரிபார்ப்பதில்லை, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஏரிக்கரையில் நொச்சி பறித்து வந்தேன். மஞ்சள் போட்டுக் கொதிக்கவைத்தேன். அவளைக் குனியவைத்துக் கம்பளிப் போர்வையைத் தலையோடு மூடினேன். கொஞ்சம் வீங்கிக் கிடக்கட்டும், வீடு பார்க்கிற பேச்சு தள்ளிப்போகும் என்றுதான் முதல் நாள் நினைத்தேன். போர்வையின் ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன். "போதும் அத்தை, எரியுது" என்றாள். "ஜெபம் முடியட்டும்டா" என்றேன். அவளுக்காகத்தான் ஜெபித்தேன், சத்தமாக, அவளுக்குக் கேட்கிற மாதிரி. அன்று வேண்டிக்கொள்ள நிறைய இருந்தது.

ஜான்சி பெருங்களத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள், டிரெஸ்ஸிங் பார்க்க. மறுநாள் அவள் வந்தபோது ஜாஸ்மின் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் அந்தப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா ஆன்ட்டி இது, நொச்சி? ஆப்ரேஷன் பண்ண மூக்குக்கு ஆவியா காட்றீங்க? அய்யய்யோ, உள்ள ரத்தம் கட்டிகினு சீழ் வச்சிடும். இத்தோட வுட்டுடுங்க, சொல்ட்டேன்."

"சரிம்மா" என்றேன். அவளுக்கு மோர் கொடுத்தேன். வெயிலில் வந்தவள், இரண்டு டம்ளர் குடித்தாள். அவள் போனதும் போன் செய்து, ஜாஸ்மின் ஓய்வெடுக்க ஆசைப்படுகிறாள், கூப்பிடும்போது வந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் மறுபடியும் பாத்திரத்தை அடுப்பில் வைத்தேன். நான் தெரிந்து செய்தேன் என்று சொல்வது இதைத்தான், மேடம்.

ஒரு நாள் போர்வைக்குள்ளிருந்து அவள் முனகினாள். விலக்கிப் பார்த்தேன். நொச்சித் தண்ணீரில் ரத்தம் சொட்டியிருந்தது. "கெட்ட ரத்தம்டா, வெளியே வரட்டும்" என்றேன். காய்ச்சல் வந்தது. டாக்டரிடம் பேச வேண்டும் என்றாள். நான் பேசிவிட்டேன், இப்படித்தான் இருக்குமாம் என்றேன். காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன், நெற்றியில் ஈரத்துணி போட்டேன், இரவெல்லாம் கால் பிடித்துவிட்டேன். வலி அதிகமாக அதிகமாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டாள். வீடு பார்க்கிற பேச்சு வரவே இல்லை.

பிறகு ஒரு சாயங்காலம் போர்வைக்குள்ளிருந்து கேட்டாள். "அத்தை, இன்னிக்கு நொச்சி போடலியா? வாசனையே வரல."

நொச்சி போட்டிருந்தேன். கை நிறையப் போட்டிருந்தேன். எனக்கு அடுப்படிவரை மணத்தது.

அப்போதும் நான் யாரையும் கூப்பிடவில்லை. ஜான்சி கூப்பிடாமலே வந்தாள். "இந்தப் பக்கம் ஒரு பேஷண்ட் வூட்டுக்கு வந்தேன், மனசு கேக்கல ஆன்ட்டி" என்று வாசலில் நின்றாள். உள்ளே போய் ஜாஸ்மினைப் பார்த்தாள். தெருவுக்கு ஓடி ஆட்டோவை மறித்து, அவளைத் தோளில் சாய்த்துக் குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். உள்ளே ரத்தம் கட்டிச் சீழ் வைத்து, மூக்குத் தண்டு கரைந்துவிட்டது என்றார்கள். இன்னும் தாமதித்திருந்தால் மூளைக்குப் போயிருக்கும் என்றார்கள். உயிர் தங்கியது. மூக்கு நடுவில் அமுங்கிவிட்டது, பள்ளமாக. வாசனை திரும்புமா என்பது சொல்ல முடியாதாம்.

பக்கத்து வீட்டுத் தோத்தாத்ரி சார், எங்கள் காலனி சங்கத்துச் செயலாளர், நல்ல மனிதர்தான். "இந்த ஹோம் நர்ஸுங்க எல்லாம் கையைக்கூட அலம்பாம வந்துடறதுகள். இதை விடப்படாது மாமி" என்று அவராகவே உங்களிடம் புகார் கொடுத்தார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஜான்சியை அதற்குப் பிறகு யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். அதையும் கேட்டுக்கொண்டு சும்மாதான் இருந்தேன்.

நேற்று ஜான்சி என் வீட்டுக்கு வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். டிபன் பாக்ஸில் புளிசாதம் கொண்டுவந்திருந்தாள்.

"நீங்க சரியா துன்றதே இல்லியாமே ஆன்ட்டி, தெருவுல சொன்னாங்க. இந்தாங்க, எங்கம்மா கட்டிக் குடுத்துச்சு. ஆவி மேட்டர நான் யார் கையிலயும் சொல்லல, பயப்படாதீங்க. நான் சொல்றதுக்கு முன்னாடி பாசத்துல பண்ட்டீங்க, தெரியுமா இன்னா உங்களுக்கு? நாளைக்கு ஸ்டேஷன்ல கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தப் புளிசாதத்தை என்னால் சாப்பிட முடியவில்லை. எத்தனையோ வீட்டுக்கு ரசம் கொண்டுபோயிருக்கிறேன். எனக்கு ஒருவர் கட்டிக்கொண்டு வந்தது அதுதான் முதல் தடவை. நான் கொண்டுபோனதற்கெல்லாம் பதிலுக்கு ஏதோ ஒன்று எனக்கு வேண்டியிருந்தது, அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் வந்தேன். ஜான்சியை அனுப்பிவிடுங்கள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. எல்லாம் தெரிந்து செய்தவள் நான்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஜாஸ்மினிடம் மட்டும், அத்தை தெரியாமல் செய்துவிட்டாள் என்றே சொல்லுங்கள். அவள் அப்படித்தான் நினைக்கிறாள். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "நீங்க அழாதீங்க அத்தை, நல்லதுக்குத்தானே பண்ணீங்க" என்று என் கண்ணைத் துடைத்தாள். அந்த நினைப்பையும் எடுத்துவிட்டால் பிள்ளை தாங்கமாட்டாள்.

வெளிச்சம் குறைகிறது, நான் கிளம்ப வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் விளக்குப் போடுவதில்லை. கண்ணாடியை எல்லாம் துணியால் மூடிவிட்டாள். நான் போய்த்தான் ஸ்விட்ச் போட்டு, சாதம் பிசைந்து கொடுக்க வேண்டும். அவள் எங்கேயும் போகமாட்டாள். வெளியே பூட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறேன், பாதுகாப்புக்காக.

இல்லை மேடம், சாவியைக் கேட்காதீர்கள். வேறு யார் போய்க் கதவைத் திறந்தாலும் பிள்ளை பயந்துவிடுவாள்.