மடித்த நிலையில் நல்ல நிலை

– கூரையில மொத்தம் எத்தனை பேர் இருக்கீங்க? ஓவர்.

– ஏம்மா தங்கச்சி, பள்ளிக்கூடத்துக் கூரையில நான் ஒருத்தன்தான் நிக்கிறேன்னு உனக்குத் தெரியாதா? வெள்ள ஒத்திகையில மாட்டிக்கிறதுக்கு ஆள் வேணும்னு கூட்டத்துல கேட்டப்ப, கை தூக்கினவன் நான் ஒருத்தன்தான்னு நீதானே எழுதின. ஓவர்.

– அண்ணே, கண்ட்ரோல் ரூம்ல உக்காந்துக்கிட்டு திட்டத்துல என்ன இருக்கோ அதைத்தான் நான் கேக்க முடியும். பதினாறு பேர்னு போட்டிருக்கு. ஓவர்.

– அப்ப பதினாறுன்னே எழுதிக்க. மீதிப் பதினஞ்சு பேரும் நிழல்ல ஒதுங்கி நிக்கிறாங்கன்னு வச்சுக்க. எனக்குத்தான் இடம் இல்ல. வெயில் ரொம்ப ஓவர். ஓவர்.

– பதினாறு பேர். பதிவு பண்ணிக்கிட்டேன். கர்ப்பிணிப் பெண்கள் யாராச்சும் உண்டா? ஓவர்.

– வயித்தைப் பாத்தா நான்தான். ஓவர்.

– அங்க என்ன சிரிப்பு? வயர்லெஸ்ல சிரிக்கக் கூடாதுன்னு விதிமுறையிலயே இருக்கு. அதிகாரி பேசுறேன். நம்ம ஆபீஸ் கிடங்கு வாசல்ல நிக்கிறேன், பக்கத்துல தலைமை அலுவலகத்து ஆய்வாளர் ஐயா. படகை எடுத்துக்கிட்டுப் போய் அந்த ஆளை மீட்கணும். கிடங்கு பூட்டியிருக்கு. சாவி யார்கிட்ட? ஓவர்.

– கிடங்குக் காப்பாளர்கிட்ட சார். ஓவர்.

– அவரை உடனே வரச் சொல்லு. ஓவர்.

– வர முடியாது சார். அவர்தான் வெள்ளத்துல மாட்டிக்கிட்டவர். ஓவர்.

– யாரு, கூரை மேல நிக்கிறது நம்ம ஸ்டோரா?

– நான்தான் சார். நீங்க ஓவர் சொல்லல. ஓவர்.

– இந்த ஆளைப் போய் எவன்யா கூரையில ஏத்தினது? ஓவர்.

– பட்டியல்ல கையெழுத்துப் போட்டது நீங்கதான் சார். ஓவர்.

– சரி, அதை விடு. யோவ் ஸ்டோர், சாவி எங்கய்யா? ஓவர்.

– வழக்கமா எங்க சார் இருக்கும்? ஓவர்.

– உன் இடுப்புல. குளிக்கும்போதுகூட அவுக்க மாட்டேன்னு பெருமை பேசுவியே. ஓவர்.

– நீங்களே சொல்லிட்டீங்க. நான் வேற என்ன சொல்றது. ஓவர்.

– மாத்துச் சாவி? ஓவர்.

– கண்ட்ரோல் ரூம் சார். அது பத்திரமா இருக்கு. போன வருஷம் நீங்க போட்ட சுற்றறிக்கைப்படி எல்லா மாத்துச் சாவியையும் ஒரே இடத்துல வச்சுப் பூட்டிட்டோம். ஓவர்.

– நல்ல வேளை. எந்த இடம்? ஓவர்.

– கிடங்குல சார். ஓவர்.

– சார், லைன்ல இருக்கீங்களா? கூரை கேக்கறேன். ஓவர்.

– இருக்கேன்யா, எங்க போறது. கண்ட்ரோல் ரூம், ஜீப்பைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. அந்த ஆள் சாவியைக் கீழ போடட்டும், வாங்கிட்டு வரட்டும். ஓவர்.

– ஜீப் ஒன்பதரைக்கே வெள்ளத்துல அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு சார். திட்டத்துல மூணாம் பக்கம். நம்ம வாசல்லதான் நிக்குது, டிரைவர் உள்ள உக்காந்து பேப்பர் படிக்கிறார். கூப்பிட்டேன். அடிச்சுக்கிட்டுப் போனவன் எப்படிம்மா பதில் சொல்றதுங்கிறார். ஓவர்.

– அவனை நான் கவனிச்சுக்கறேன். இரு, ஐயா என்னமோ சொல்றார். சரிங்கய்யா. ஆமாங்கய்யா. கண்ட்ரோல் ரூம், நிஜ வெள்ளத்துல ஜீப் போகாதுங்கிறார். நிஜ வெள்ளத்துல என்ன செய்வீங்களோ அதைச் செய்ங்கங்கிறார். ஓவர்.

– நிஜ வெள்ளத்துல நாம என்ன சார் செஞ்சோம்? ஓவர்.

– அதை வயர்லெஸ்ல கேக்காதே. ஓவர்.

– கூரை பேசுறேன். பூட்டை உடைங்க சார். ஓவர்.

– அரசாங்கப் பூட்டுய்யா அது. விதிமுறை இருக்கு. ஓவர்.

– இங்க பதினாறு உயிர் சார். பதினஞ்சு பேர் நிழல்ல நின்னாலும் உயிர் உயிர்தானே. ஓவர்.

– ஐயாவும் உடைக்கத்தான் சொல்றார். சுத்தியல் எங்க இருக்கு? ஓவர்.

– கிடங்குல சார். ஓவர்.

– எல்லாத்தையும் உள்ள வச்சுப் பூட்டுங்க, என்னையும் வச்சுப் பூட்டுங்க. டிரைவர், அந்த ஜாக்கிக் கம்பியைக் கொடு. என்னது? ஜீப்தான் போச்சு, கம்பி மட்டும் கரை ஒதுங்கிடுச்சா? ரொம்பப் பேசாதே, கொடு இங்க.

– சார், சத்தம் கேட்டுச்சு. பூட்டா, உங்க விரலா? ஓவர்.

– பூட்டுதான். திறந்தாச்சு. அதோ பாருங்கய்யா படகு, எவ்வளவு அழகா மடிச்சு வச்சிருக்கோம். வருஷா வருஷம் நானே நேர்ல பாத்துக் கையெழுத்துப் போடறேன். கண்ட்ரோல் ரூம், ரெஜிஸ்டர்ல என்ன இருக்கு, ஐயா காதுல விழற மாதிரி படி. ஓவர்.

– படகு, ரப்பர், ஒன்று. மடித்த நிலையில் நல்ல நிலை. நாலு வருஷமும் அதே வரி சார். ஓவர்.

– கேட்டீங்களா ஐயா. என்னங்கய்யா? விரிக்கணுமா? விரிச்சா திரும்ப மடிக்கறது கஷ்டம்ங்கய்யா. இல்ல, ஒத்திகையில விரிக்கற வழக்கம் இல்ல. தோள்ல தூக்கிட்டுப் போவோம், போட்டோ எடுப்போம், கொண்டுவந்து வச்சிடுவோம். சரிங்கய்யா, கோவிச்சுக்காதீங்க. டிரைவர், அந்தப் பக்கம் பிடி.

– காத்தடிச்சீங்களா சார்? ஓவர்.

– அடிச்சோம். இந்தப் பக்கம் அடிச்சா அந்தப் பக்கமா வெளிய வருது. உள்ள எலி குடித்தனம் நடத்துது. குட்டி வேற போட்டிருக்கு. ஓவர்.

– எத்தனை குட்டி சார்? பதிவு பண்ணணும். ஓவர்.

– நீ சும்மா இரு. யோவ் ஸ்டோர், இதை ஏன்யா எழுத்து மூலமா எனக்குத் தெரிவிக்கல? ஐயா கேக்கறார். ஓவர்.

– அதுக்கு கண்ட்ரோல் ரூம் பதில் சொல்லலாமா சார்? ஏழு தடவை எழுதிக் கொடுத்திருக்கார். ஏழு கடிதமும் ரெஜிஸ்டர்ல இருக்கு. ஏழுலயும் ஒரே குறிப்பு, கோப்பில் வைக்கவும். கையெழுத்து உங்களோடது. தேதியோட படிக்கட்டுமா? ஓவர்.

– வேண்டாம். ஐயாவுக்கு நல்லாவே கேட்டுடுச்சு. ஓவர்.

– கூரை பேசுறேன். ஐயாவும் கேக்கட்டும். எங்க தெரு பள்ளத்துல இருக்கு. போன மழைல தண்ணி ஏறினப்ப நான் ஆபீஸ்ல இந்தப் படகுக்குத்தான் காத்தடிச்சுக்கிட்டிருந்தேன். காத்து நிக்கவே இல்ல. அங்க என் வீட்டுக்காரி கதவைக் கழட்டி, பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களை அதுல உக்கார வச்சு, இடுப்பளவு தண்ணியில தள்ளிக்கிட்டுப் போயிருக்கா. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா அடுத்த வாரம் திரும்ப மழைங்கிறாங்க. எனக்குப் பயமா இருக்கு சார், அவ்வளவுதான். ஓவர்.

– சார்? கண்ட்ரோல் ரூம். கூரை பேசினது கேட்டுச்சா? ஓவர்.

– கேட்டுச்சு. ஐயா போன்ல பேசிக்கிட்டிருந்தார். எழுதிக்க. சாயங்காலத்துக்குள்ள ரெண்டு படகு வருது, புதுசு. அதுல ஒண்ணு மழை முடியற வரைக்கும் பள்ளத் தெரு முனையிலயே நிக்கணும். ஓவர்.

– பதிவு பண்ணிக்கிட்டேன் சார். எந்த நிலையிலன்னு போடட்டும்? ஓவர்.

– விரிச்ச நிலையிலன்னு போடு. முதல்ல அந்த ஆளைக் கூரையிலிருந்து இறக்கு. ஓவர்.

– ஏணி ஜீப் மேல இருக்கு சார். ஜீப் வெள்ளத்துல... ஓவர்.

– ஜீப் கரை ஒதுங்கிடுச்சுன்னு எழுதிக்கம்மா. ஓவர் ஓவர்.

– தங்கச்சி, நான்தான். வயர்லெஸ்ஸை அணைச்சிட்டு என் செல்லுல இருந்து பேசுறேன். பக்கத்துல யாரும் இல்லையே?

– இல்ல. சொல்லுங்கண்ணே. ஏணி கிளம்பிடுச்சு.

– ஏணி கிடக்கட்டும். உன் மேஜை டிராயர்ல, பேனா டப்பாவுக்குப் பின்னால, கிடங்குச் சாவி இருக்கும். யார் கண்ணுலயும் படாம எடுத்து வை.

– சாவி உங்க இடுப்புல இருக்குன்னு...

– நான் எங்கம்மா சொன்னேன், சார்தானே சொன்னார். காலைல வாக்கி டாக்கி வாங்க வந்தப்ப நான்தான் அங்க போட்டுட்டுப் போனேன். சாவி கிடைச்சிருந்தா ஐயா வர்றதுக்கு முன்னாடியே திறந்து, ஓட்டை உள்பக்கம் போற மாதிரி மடிச்சுத் தோள்ல வச்சுக்கிட்டு நின்னிருப்பாங்க. உன்னை இதுல இழுத்து விட்டதுக்கு மன்னிச்சுக்கம்மா. நீ டிராயரைத் திறந்திருந்தா என் கதை கந்தலாயிருக்கும்.

– ஒன்பது மணிக்கே திறந்துட்டேன் அண்ணே. உங்க ஏழு கடிதத்தையும் பதிவு பண்ணவ நான். இதை மட்டும் பதிவு பண்ணல. ஓவர்.