பாலத்துக்குப் பதில் அலங்கார வளைவு

பால்பூத் அக்கா என்று எல்லாரும் அழைக்கும் நான், வயது நாற்பத்து நான்கு, லாரி ஓட்டுநரின் மனைவி, கால்வாய்க்கு அக்கரைக் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீட்டில் வசித்துக்கொண்டு, இக்கரையில் சாலையோரம் பால்பூத் நடத்தி வருகிறேன். பொதுப்பணி வாரியத் தலைவர் கொடுத்த புகார் தொடர்பாக என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்து விசாரித்ததில், யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொல்வதாவது.

எங்கள் குடியிருப்பிலிருந்து சாலைக்கு வரக் கால்வாயின் மேல் நாங்களே பலகை போட்டு நடந்து வருகிறோம். பாலம் கேட்டு வாரியத்துக்கு நடையாய் நடந்திருக்கிறோம். சென்ற மழைக்காலத்தில் என் ஓரகத்திக்குப் பிரசவ வலி கண்டபோது ஆம்புலன்ஸ் இக்கரையிலேயே நின்றுவிட்டது. அவளை நாற்காலியில் வைத்து என் கணவரும் கொழுந்தனும் தூக்கி வருகையில் பலகை முறிந்து மூவரும் தண்ணீரில் விழுந்தார்கள். அவள் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. ஆண்கள் இருவருக்கும் சிராய்ப்போடு போயிற்று. குழந்தைக்கென்று நான் வாங்கிய கொசுவலையை அவள் இன்னும் உறை பிரிக்கவில்லை, கடையில் திருப்பிக் கொடுக்கவும் விடவில்லை.

அதன் பிறகு வாரியப் பொறியாளர் வந்து கால்வாயை அளந்தார். இந்த வருடப் பணித் திட்டத்தில் பாலத்தைச் சேர்த்திருப்பதாகவும், பொதுமக்களிடம் கருத்துக் கேட்ட பின் உறுப்பினர்கள் கை தூக்கினால் பணம் ஒதுக்கப்படும் என்றும் சொன்னார். கருத்துக் கேட்கும் நாளில் பூத்தை அடைத்துவிட்டு நானும் ஓரகத்தியும் குடியிருப்புப் பெண்களும் வாரிய அலுவலகத்துக்குப் போனோம்.

கூட்ட அறையில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. இவ்வளவு சனம் வந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு, ஓரத்தில் இருந்தவரிடம் எந்தப் பகுதி என்று கேட்டேன். "கணக்குப் பிரிவும்மா, மாடியில" என்றார். பிறகுதான் பார்த்தேன். தட்டச்சர், ஜீப் ஓட்டுநர், தினமும் என்னிடம் பால் வாங்கும் கேன்டீன்காரர் என்று எல்லாரும் அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு பொதுமக்களாக உட்கார்ந்திருந்தார்கள். உண்மையான பொதுமக்களாகிய நாங்கள் சுவரோரம் நின்றோம்.

அதன் பிறகு தலைவர் வந்து தலைப்புகளை மட்டும் விறுவிறுவென்று வாசித்தார். எங்கள் பாலம் வரவேயில்லை. அலுவலக முகப்பில் அலங்கார வளைவும் நீரூற்றும் என்று வந்தது. நான் கை தூக்கினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே "ஆட்சேபணை இல்லை" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டினார்.

"ஐயா, எங்க பாலம் எங்கங்க?"

"உக்காரும்மா. கருத்து சொல்ற நேரம் முடிஞ்சிருச்சு."

"எப்பங்க ஆரம்பிச்சீங்க?"

முன்வரிசைப் பொதுமக்களில் சிலர் சிரித்துவிட்டு, தலைவர் திரும்பியதும் அடக்கிக்கொண்டார்கள். பொறியாளர் எழுந்து, பாலம் திட்டத்தில் இருந்தது, நேற்றுதான் எடுக்கச் சொன்னார்கள் என்றார். தலைவர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம், "ஒரு பலகை ஒடைஞ்சதுக்கு இந்த ஆர்ப்பாட்டமா? வேற பலகை போட்டுக்குங்க" என்றார்.

அதன் பிறகு அறைக் கதவைச் சாத்தியது நான்தான். தாழ் போடவில்லை. அதன் முன்னால் தரையில் நாங்கள் உட்கார்ந்தோம். யார் மேலும் கை வைக்கவில்லை, யாரையும் வையவில்லை. கழிப்பறைக்குப் போகவேண்டும் என்ற ஓர் உறுப்பினருக்கு எழுந்து வழிவிட்டோம். அடைத்து வைத்ததாகப் புகாரில் சொல்லப்படும் அந்த அறைக்கு அவர் தாமாகவே திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அதன் பிறகு உறுப்பினர்களில் மூத்த அம்மா மேடையிலிருந்து இறங்கி வந்து என்ன நடந்தது என்று கேட்டார். அதுவரை வாய் திறக்காத என் ஓரகத்தி, "ஆம்புலன்ஸ் கதவைத் தெறந்து வச்சிக்கிட்டு நின்னுதும்மா. அது கண்ணுக்குத் தெரியுற தூரத்துலதான் விழுந்தோம்" என்றாள். அந்த அம்மா திரும்பி, வளைவு அடுத்த வருடம் வரட்டும், பாலத்தைச் சேருங்கள் என்று தலைவரிடம் சொன்னார். எல்லா உறுப்பினர்களும் கை தூக்கினார்கள். கடைசியாகத் தலைவரும் தூக்கினார். நாங்கள் கதவைத் திறந்து, நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள், மிரட்டி வாங்கிய தீர்மானம் செல்லாது என்று புகார் வந்திருக்கிறது. இதே நிலையத்து பெஞ்சில் தலைவரின் உதவியாளர் என்னிடம், "மிரட்டினோம்னு எழுதி மன்னிப்புக் கேட்டுடும்மா, கேஸே இருக்காது" என்றார். கேஸ் இருக்காது, பாலமும் இருக்காது. நான் மறுத்துவிட்டேன். ஊழியர்களைப் பொதுமக்களாக உட்காரவைத்து வளைவுக்கு ஒப்புதல் வாங்குவது சட்டம், பொதுமக்கள் வந்து உட்கார்ந்தால் குற்றம் என்றால், எந்தப் பிரிவு என்று கோர்ட்டில் சொல்லட்டும்.

மேற்கண்டதை எழுதிய அதிகாரி எனக்குப் படித்துக் காட்டியபோது, உறுப்பினர்கள் பயந்துபோய்க் கை தூக்கினார்கள் என்று ஒரு வரி இருந்தது. அதை நான் சொல்லவில்லை. அடிக்கச் சொன்னேன், அடித்தார். மற்றதெல்லாம் நான் சொன்னது, சொன்னபடியே நடந்தது. அடித்த வரியின் பக்கத்திலும் இங்கே அடியிலும் என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன்.