வலி யாருக்கு

— கையை இழுக்காதே கண்ணு. நாடி பார்க்கும்போது பேசக் கூடாது, மூச்சையும் அடக்கக் கூடாது. வெளிய உட்கார்ந்திருக்கிற கூட்டத்தைப் பார்த்தேல்ல? அத்தனை பேரும் இந்த மூணு விரலை நம்பித்தான் வந்திருக்காங்க.

— சரிங்க டாக்டரம்மா.

— இப்ப மறுபடி சொல்லு. வலி எப்படி?

— பீரியட்ஸ் வர்றதுக்கு முந்தின நாளே ஆரம்பிச்சுடும். ஈரத்துணியை முறுக்கிற மாதிரி அடிவயித்தை முறுக்கும். இடுப்பு விட்டுப்போகும். தொடை வரைக்கும் இறங்கும். வாந்தி வரும். கண்ணை இருட்டிக்கிட்டு வரும்.

— நல்லாத்தான் ஒப்பிக்கிறே.

— என்னங்க?

— பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணின பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறேன்னு சொன்னேன். சரி, காலையில எழுந்ததும் என்ன பண்ணுவே?

— நீச்சலுக்குப் போவேன். அப்புறம் ஆபீஸ்.

— அந்த நாள்லயும் நீச்சலா?

— எந்த நாள்ல?

— மாட்டிக்கிட்டியா! வலி இருக்கிறவ எந்த நாள்னு கேட்கமாட்டா. உன் நாடி குதிரை மாதிரி ஓடுது. பசி எடுக்குது, படுத்தாத் தூங்கிடுறே, கண்ணுக்குக் கீழ ஒரு கருப்புகூட இல்ல. உனக்கு ஒரு வலியும் கிடையாது. நிஜத்தைச் சொல்லு. நாள் தள்ளிப்போயிருக்கா? கலைக்கிறதுக்கு மருந்து கேட்டு வந்திருந்தா, வாசல் அந்தப் பக்கம்.

— ஐயோ, சத்தியமா அது இல்லங்க!

— அப்ப எது?

— வலி எனக்கில்ல. என் சிநேகிதிக்கு. ஆபீஸ்ல பக்கத்து சீட். அவ சொன்னதைத்தான் அப்படியே சொன்னேன்.

— அவளுக்கு வலின்னா அவதானே வரணும்? உன் கையைப் பிடிச்சு அவ வாயுவை நான் எங்கே தேடுறது?

— வரவே மாட்டேங்கிறா. கெஞ்சிப் பார்த்துட்டேன். நீங்க மருந்து மட்டும் கொடுங்க, போதும்.

— இது என்ன தலைவலித் தைலமா, பேரைச் சொல்லி வாங்கிட்டுப் போறதுக்கு? கேட்டுக்கோ. கீழ இறங்க வேண்டிய வாயு இறங்காம முட்டிக்கிட்டு நிக்கும். அதுதான் இந்த வலி. அது ஒருத்திக்கு மலச்சிக்கலால நிக்கும், ஒருத்திக்குத் தூக்கமில்லாம நிக்கும், இன்னொருத்திக்கு பயத்தால நிக்கும். ஆளைப் பார்த்துத்தான் அசோகப் பட்டையா, தசமூலமா, விளக்கெண்ணெயான்னு நான் முடிவு பண்ணணும்.

— அவளுக்கு பயம்தாங்க. வேற எது இருக்கோ இல்லையோ, அது நிச்சயம். இன்னொண்ணு, காய்ச்சுற மருந்து வேண்டாம். லேகியமோ, உருண்டையோ கொடுங்க. கஷாயம் கொதிச்சா வீடெல்லாம் வாசனை வரும். அவ மாமியாருக்குப் பொல்லாத மூக்கு.

— வரட்டுமே! மாமியாருக்குத் தெரிஞ்சா குடியா முழுகிடும்?

— தெரியக் கூடாதுன்னுதாங்க வலிமாத்திரையா முழுங்குறா. வெறும் வயித்துல. ஒண்ணு கேட்கலைன்னா உடனே இன்னொண்ணு. எங்க ஆபீஸ்ல பழைய ஃபைல் அடுக்கி வைக்கிற ரூம் இருக்கு. அங்க அட்டைப்பெட்டியைப் பிரிச்சுத் தரையில போட்டு சுருண்டு கிடப்பா. நான் வெளிய பூட்டிட்டு சாவியோட நிப்பேன். யார் கேட்டாலும் மீட்டிங்ல இருக்கான்னு சொல்லிடுவேன்.

— அந்தக் கஷ்டத்துக்கு லீவு போட்டுட்டு வீட்ல படுக்கலாமே?

— வீட்ல படுக்க முடியாதுன்னுதாங்க ஆபீஸுக்கே வர்றா.

— என்ன கொடுமை! எங்க வீட்லயும் ஒரு மருமக இருக்கா. கல்யாணமான புதுசுல ஒரு தடவை ஏதோ முனகினா. ரெண்டு வார்த்தை தைரியம் சொன்னேன், அவ்வளவுதான். இன்னைக்கு வரைக்கும் வலின்னு வாயைத் திறந்ததில்ல. மனசு திடமா இருந்தா பாதி வைத்தியம் முடிஞ்ச மாதிரி.

— என்ன தைரியம் சொன்னீங்க?

— அதெல்லாம் யாருக்கு ஞாபகம்? நீ உன் சிநேகிதி கதைக்கு வா.

— நேத்து அவ வாந்தி எடுத்தா. அதுல ரத்தம் இருந்துச்சு.

— ரத்தமா? சிவப்பாவா, இல்ல காபித்தூள் கரைச்ச மாதிரி கருப்பாவா?

— கருப்பா.

— அடிப்பாவி! இதையா கடைசியில சொல்லுவே? மாத்திரை வயித்தைப் புண்ணாக்கியிருக்கு. இதுக்குக் கஷாயமும் இல்ல, லேகியமும் இல்ல. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. அப்படியே அந்த வலிக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்லு. மாசாமாசம் இந்தப் பாடு படுத்துதுன்னா உள்ள கட்டி கிட்டி இருக்கலாம். என் வைத்தியம் அதுக்கப்புறம்தான்.

— நானும் அதைத்தான் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போனா மாமியார் பேர் கெட்டுடும்ங்கிறா.

— இவ ஆஸ்பத்திரிக்குப் போனா அவ பேர் எதுக்குக் கெடணும்? அப்படி என்ன பெரிய பேரு?

— பெரிய பேருதாங்க.

— புருஷன்னு ஒருத்தன் இருக்கானா, இல்லையா?

— நல்லவர்தான். எதைச் சொன்னாலும் "அம்மாகிட்ட சொல்லு"ன்னுடுவார்.

— சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? அவளும் பொம்பளைதானே?

— அவ ஒரு தடவை சொன்னா. வீடு நிறைய சொந்தக்காரங்க இருந்த நேரம். மாமியார் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்களாம். தலையைக்கூட நிமிர்த்தாம, "இதெல்லாம் ஒரு வலியா? எழுந்து வேலையைப் பாரு, பறந்துடும்"னு சொன்னாங்களாம். எல்லாரும் சிரிச்சாங்களாம். அன்னைக்கு மூடின வாய்.

— நாக்குல நரம்பில்லாதவ! இப்படிப்பட்டவங்களாலதான் பொண்ணுங்க என்கிட்ட வர்றப்பவே பாதி உசிரா வருதுங்க. வலி ஒரு பக்கம்னா, அந்தச் சிரிப்பு ஒரு பக்கம் அவளைத் தின்னுருக்கு. கேட்டுக்கோ. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் அவ படுத்து ஓய்வெடுக்கணும். வலி வந்தா நல்லெண்ணெயை இளஞ்சூடா அடிவயித்துல தடவி ஒத்தடம் கொடுக்கணும். அதைத் தடவி விடுற கை அந்த மாமியார் கையா இருக்கணும்.

— அவங்களா? அவங்க தடவுவாங்களா டாக்டரம்மா?

— தடவ வைக்கிறேன் பாரு. நம்பரைச் சொல்லு.

— வேண்டாங்க.

— ஏன் எழுந்திருக்கிறே? உட்காரு.

— அவளுக்குத் தெரியாம வந்தேங்க. தெரிஞ்சா என் முகத்துலயே முழிக்கமாட்டா.

— முழிக்காட்டிப் போகட்டும், உசிரோட இருப்பா. உனக்கு இன்னும் புரியலையா? இன்னும் ஒரு மாத்திரை முழுங்கினா என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது. சாயங்காலத்துக்குள்ள அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்கணும்.

— நீங்க சொன்னா அவங்க கேட்பாங்களா?

— கேட்காம? எவ்வளவு பெரிய மனுஷியா வேணா இருக்கட்டும். வீட்ல ஒரு பொண்ணு சாகக் கிடக்கிறது தெரியாம உனக்கு என்னடி கௌரவம்னு கேட்கிறேன். நான் கேட்கிற கேள்வியில அவ தலை குனியணும்.

— நிஜமா கேட்பீங்களா?

— இதோ, ஃபோனைக் கையில எடுத்தாச்சு. சொல்லு நம்பரை.

— நான் எதுக்குங்க சொல்லணும்? அந்த நம்பர்தான் வெளிய உங்க போர்டுல இருக்கே.