கோளாறு கேமராவுலதான்

“…அதான் சொல்றேன்ல, கை ஆடலம்மா. நீயும் கை ஆடுச்சுன்னு சொல்லிடாத. முப்பத்தோரு வருஷம் ஏணி மேல நின்னு கரண்ட்டு மீட்டர் படிச்சவன் நான். இருட்டு மூலை, ஒட்டடை, குளவிக்கூடு… எதுலயும் ஒரு நம்பர் தப்பா எழுதினதில்ல. அந்தக் கை ஆடுமா? கேமராதான் ஆடுது.”

கேமரா பழுதுபார்க்கும் அந்தச் சின்னக் கடையில், மேசைக்குப் பின்னால் இருந்த பெண் தலையை மட்டும் அசைத்தாள். மீட்டர்க்காரர் படியேறி வந்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது. அதில் அவள் பேசியது ‘வாங்க’ என்ற ஒரு சொல். அதற்கப்புறம் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

படம் எல்லாம் மசமசவென்று வருகிறது, மேலே மாவு தூவின மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கிறது. புகார் அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்ல அவர் தன் பணி ஓய்வு நாளிலிருந்து தொடங்கினார். அன்றைக்கு ஆபீஸில் எல்லோருமாகச் சேர்ந்து கொடுத்த கேமரா இது. கடிகாரம் கொடுத்திருக்கலாம். கடிகாரம் கெட்டுப்போனாலும் ஒரு நாளைக்கு ரெண்டு தடவையாவது சரியான நேரம் காட்டும். இது அதுவும் இல்லை.

தானே பார்த்த வைத்தியங்களையும் வரிசையாகச் சொன்னார். பேட்டரி மாற்றினார். கார்டு மாற்றினார். கண்ணாடி துடைக்கிற தண்ணீரால் லென்ஸைத் துடைத்தார். ஒரு பகல் முழுக்க மாடியில் வெயிலில் வைத்தார். சட்டை நுனியால் துடைத்தாரா என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் துடைக்கவில்லை என்றார்.

அவள் கேமராவை எடுத்து எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரைப் படம் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். தேதி, அதன் கீழே பொடி எழுத்து, காலண்டர் தொங்கிய ஆணியின் துரு எல்லாம் துல்லியமாக இருந்தன.

அவர் நெடுநேரம் பார்த்தார்.

“காலண்டர் ஆடாதுல்ல,” என்றார்.

அவள் கார்டில் இருந்த பழைய படங்களைத் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தாள். கட்டில் விரிப்பு. மங்கலாக ஏதோ ஒரு வெளிர் வடிவம். பாதி திரைச்சீலை. மறுபடியும் அந்த வெளிர் வடிவம். ஒரே அறை, ஒரே கட்டில், ஐந்து நாள்.

“அது என் வீட்டுக்காரி காலு,” என்றார் அவர், யாரோ ஒருத்தருடைய மீட்டர் எண்ணைச் சொல்வது போல. “உள்ளங்கால்ல புண்ணு. சக்கரை. மூணாவது மாடி, லிப்டு கிடையாது, காலை ஊனவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு. தினமும் போட்டோ எடுத்து கார்டைக் கொண்டுவந்து குடுங்க, கம்ப்யூட்டர்ல பாத்துக்கறேன்னாரு. கொண்டு போறேன். பாக்கறாரு. ‘ஒண்ணும் தெரியலியே’ங்கறாரு. நாலு நாளா இதே பாட்டு. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள தெளிவா ஒரு படம் வரலேன்னா நாளைக்கு ஆஸ்பத்திரியில படுக்க வைக்கணுமாம். விரலோட போகுமா, காலோட போகுமான்னு உள்ள வச்சுத்தான் பாக்கணுமாம். ஒரு கேமராவால… பாரும்மா. ஒரு கேமராவால.”

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றரை.

அவர் நிறுத்தவில்லை. புண்ணைக் கழுவிக் கட்டுவது கொழுந்தியா வேலை. காலையில் வருவாள், கழுவுவாள், போவாள். எப்படி இருக்கிறது என்று கேட்டால் டாக்டரைக் கேளுங்கள் மாமா என்று ஒரே பதில். நானே எடுக்கிறேன் கேமராவைக் கொடுங்கள் என்றுகூட ஒருநாள் கேட்டாள். கொடுப்பாரா? மிக்ஸி மூடியைக்கூட நேராக மூடத் தெரியாதவள் அவள். வீட்டுக்காரியோ, படுத்தாலும் வாய் படுக்கவில்லை. நீங்க எடுக்கிற படத்தில் டாக்டர் என் காலைப் பார்க்கவில்லை, மழை வருமா என்று பார்க்கிறார் என்கிறாளாம்.

கடைக்காரப் பெண் கேமராவைத் திருப்பினாள். பிளாஷ் மேல் தோல் நிறத்தில் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி. நகத்தால் அதன் ஓரத்தைக் கிளப்பி, அவரைப் பார்த்தாள்.

“அது… அவளுக்குக் கண்ணு கூசும்ல. அதான். திரையும் போட்டுருவேன். லைட்டு போடாததும் அவளுக்காகத்தான், எதுக்கு வெளிச்சம்னு…”

புண் இருப்பது உள்ளங்காலில். படுத்திருப்பவள் கண்ணில் பிளாஷ் எப்படிப் படும் என்று அவள் கேட்கவில்லை. கேமராவை அவர் கையில் கொடுத்தாள். தன் இடது கையை, உள்ளங்கை மேலே தெரிய, மேசை விரிப்பின் மேல் வைத்தாள்.

“எடுக்கணுமா? எடுக்கறேன். நீயே பாரு, கை ஆடுதான்னு.”

அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். ஜூமைக் கடைசி வரை தள்ளினார். கையை முழுசாக நீட்டினார். பிறகு முகத்தைத் தெருப்பக்கம் திருப்பி, எதிரே இருந்த மருந்துக் கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டே பட்டனை அமுக்கினார்.

கை ஆடவில்லை என்பது உண்மைதான். படத்தில் மேசையின் மூலை இருந்தது. அவள் கையில் சுண்டுவிரல் மட்டும், புகை மாதிரி.

இரண்டு பேரும் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். தெருவில் ஒரு பஸ் நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது.

“மொத நாள் புண்ணைப் பாத்தேன்,” என்றார். “அன்னிக்கு லைட்டு போட்டுத்தான் எடுத்தேன். எப்படிங்க இருக்குன்னு அவ கேட்டா. ஆறிட்டு வருதுன்னேன். வேற என்ன சொல்ல… தினமும் கேக்கறா. தினமும் அதையேதான் சொல்றேன். பாக்காமதாம்மா சொல்றேன்.”

அவள் பிளாஸ்திரியைச் சுத்தமாக உரித்து, பசையைப் பஞ்சால் துடைத்தாள். மேசை விளக்கை இழுத்துக் கையருகே வைத்தாள். மறுபடியும் உள்ளங்கையை விரித்தாள்.

“ஒரு சீட்டு எழுதிக் குடேன்,” என்றார் அவர். “கேமராவுல கோளாறுன்னு. டாக்டர்கிட்ட காட்டிக்கறேன். ரெண்டு நாள் தாங்கும்.”

அவள் கையை எடுக்கவில்லை.

அவர் கிட்டே வந்தார். குனிந்தார். இந்த முறை முகம் திரும்பவில்லை. வந்ததிலிருந்து முதல்தடவையாக அவர் வாய் மூடியிருந்தது. பட்டனை அமுக்கிவிட்டு, திரையைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்தார். ரேகை ஒவ்வொன்றும் தெரிந்தது. ஆள்காட்டி விரலில் அவளுக்கே மறந்துபோன ஒரு பழைய சூட்டுத் தழும்பு இருந்தது, அதுவும் தெரிந்தது.

“அப்ப எல்லாமே தெரிஞ்சுடும்,” என்றார்.

கேமராவை உறையில் போட்டார். உறையின் பட்டனைப் போட்டார், கழற்றினார், மறுபடியும் போட்டார். சீட்டைப் பற்றி அப்புறம் பேசவில்லை. இரண்டு படி இறங்கியவர் நின்று, திரும்பிப் பார்த்தார்.

“ஏம்மா, எங்க வீட்ல தெற்குப் பக்க ஜன்னல். திரையை விலக்கினா அந்த வெளிச்சம் போதுமா?”

போதும் என்று அவள் தலையை அசைத்தாள்.

“போதாதுன்னு சொல்லுவியோன்னு பாத்தேன்,” என்று சொல்லிவிட்டு, மீதிப் படிகளை இறங்கினார்.