நகத்துக்கு ஒரு நம்பர்

...கைக்காயம்னு மட்டும் போட்டா போதாதாம் அழகையாண்ணே, போதாதாம். இந்தக் கொம்பியூட்டர் ஒத்துக்க மாட்டேங்குது. காயத்துக்குச் சரியான நம்பர் போட்டாத்தான் பதுள பெரியாஸ்பத்திரிக்குத் துண்டுச் சீட்டு அடிக்கும், துண்டு இருந்தாத்தான் டிரைவர் ஜெஸீம் லொறியில ஏத்துவான், ஏத்துனாத்தான் ஒங்களுக்குத் தையல். நான் என்ன செய்ய? கையத் தூக்கிப் புடிங்க, மேசையில சொட்டுது.

தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி தானே வெட்டுனது? அதுக்குத் தனி நம்பர். வேல செய்யிற மலையிலயா, லயத்து வீட்டுலயா? அதுக்கு வேற. எலி கடிச்சா ஒன்னு, நாய் கடிச்சா ஒன்னு, பூரானுக்கு ஒன்னு. ஒரு கைக்கு எத்தன எதிரிங்க பாத்தீங்களா...

ஆமாங்க, வலிக்கும்தான். வலிக்கு நம்பர் கொம்பியூட்டர்ல வேற பக்கத்துல இருக்கு, அங்க போனா பொழுது சாஞ்சிரும்.

முந்தி இந்தக் கெடுபிடி இல்ல. மூணு மாசமா, கையில துணியச் சுத்திக்கிட்டு வந்த அம்புட்டுப் பேருக்கும் நாய்க்கடின்னே போட்டுட்டேன். சட்டுன்னு கைக்கு வந்த நம்பர் அதான். நாப்பத்தோரு பேரு. மேலிடத்துல பயந்துபோயி நாய் புடிக்க வேன் அனுப்பிட்டாங்க. தோட்டம் பூரா அலைஞ்சு ஒரே ஒரு நாயப் புடிச்சாங்க, கம்சலா டீச்சர் வீட்டுது. அதுக்குப் பல்லே இல்ல. டீச்சர் இன்னமும் எங்கூடப் பேசல. அதுல இருந்துதான், காயத்தக் கண்ணால பாத்து எழுதுன்னு உத்தரவு.

பாக்குறதுன்னா... ஒங்ககிட்டச் சொல்றதுக்கு என்னண்ணே. பதினோரு வருசமா இந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியில கிளாக்கரா இருக்கேன், ஒரு கட்டக்கூட அவுத்துப் பாத்ததில்ல. ரத்தத்தக் கண்டா எனக்குக் கண்ணு இருட்டிரும். மருந்து கட்டுற நிஷாந்தினி மிஸ்ஸி இன்னைக்கு லீவு.

ஜெஸீம் ஹோன் அடிக்கிறான், கேக்குது, கேக்குது. ஒன்னுதான் பாக்கி. நகம் போயிருந்தா ஒரு நம்பர், நகம் தப்பிச்சிருந்தா இன்னொன்னு. நான் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிறேன், நீங்களே அவுத்துப் பாத்துச் சொல்லுங்க. நகம் இருக்கா?

...அவசரமில்ல, நல்லாப் பாருங்க.

...இருக்கா, இல்லயா? அழகையாண்ணே?

லொறி மலையெறங்குற சத்தமுல்ல கேக்குது. துண்டு இல்லாமலே ஏத்திட்டானா இந்த ஜெஸீம்...

சரி, போங்க. வைத்தியம் பாக்காமலே ஆள் எழும்பிப் போயிட்டாருன்னு அதுக்கும் ஒரு நம்பர் இருக்கு. அதத் தேட வேண்டியதில்ல. அது எனக்கு மனப்பாடம்.