பந்தயக் குதிரைக்குத் துணை ஆடு

— அப்போ அந்த ஆட்டு விஷயம் பொய்யா, தனக்கோடி?

— பொய்யின்னு எப்படிச் சொல்றது, சாமி? கதை எழுதணும், பந்தயக் குதிரையப் பத்தி யாருக்கும் தெரியாத சங்கதி ஒண்ணு சொல்லுன்னு லாயத்துல வந்து குந்திக்கினீங்க. காபி வேற வாங்கிக் குடுத்தீங்க. வெறுங்கையோட அனுப்ப மனசு வரல.

— அதனால?

— எதிர்ல ஒரு ஆடு மேஞ்சுக்கினு இருந்திச்சு. பக்கத்துல ஆடு படுத்தாத்தான் குதிரை தூங்கும், ஆட்டைப் பிரிச்சா ஓடாதுன்னேன்.

— ராமா! அதை அப்படியே பத்திரிகையில எழுதிட்டேனே. மல்லேஸ்வரத்துல பாக்கறவாளெல்லாம், 'என்னமா ஆராய்ச்சி பண்ணியிருக்கேள், ஆராவமுதன்'னு கையைப் பிடிச்சுக்கறா.

— எங்க மொதலாளியும் படிச்சாரு. மறுநாளே ஒரு வெள்ளாட்டை ஓட்டியாந்து, கட்டுடா குதிரை பக்கத்துலன்னாரு. போகப் போக, ஆட்டு மொகத்தப் பாக்காம அந்தக் குதிரை கொள்ளுல வாய் வைக்கிறதில்ல.

— அப்போ நிஜந்தானே!

— அதான் பேஜாராப் போச்சு. நான் சொன்ன பொய்யி மேல எனக்கே சந்தேகம் வந்திச்சு. பாத்துடலாம்னு நேத்து பந்தயத்துக்கு முன்னாடி ஆட்டை எங்க ஊட்டுக்கு ஓட்டிக்கினு போயிட்டேன்.

— குதிரை?

— பாதி தூரம் ஓடிச்சு. அப்புறம் நின்னு, சனங்க பக்கம் திரும்பி யாரையோ தேடிச்சு. ஜாக்கி கெஞ்சியும் பாத்தான், அடிச்சும் பாத்தான்.

— அடப்பாவி! முதலாளி சும்மா விட்டாரா?

— ஆட்டை ஓட்டினவனுக்கு இன்னியோட வேலை இல்லன்னாரு. சொல்லிட்டு என்னையே பாத்தாரு. உங்க கதையில ஆட்டைத் திருடறவன் குதிரைக்காரன்தானே, சாமி.

— கதைக்கு ஒரு முடிவு வேணுமோன்னோ!

— எனக்கும்தான் பொழப்பு வேணும். இந்த வயசுல வேற எந்த லாயத்துல என்னை சேத்துப்பாங்க?

— அதுக்கு நான் என்னப்பா பண்றது? எல்லாம் கட்டுக்கதைன்னு அவர்கிட்ட வந்து சொல்லவா? ஊரே சிரிக்குமே.

— சேச்சே, உங்க பேரை நான் கெடுப்பேனா? கதைக்காரர்தான் ஆராய்ச்சிக்கு ஓட்டிக்கினு போனாருன்னு சொல்லிட்டேன். படிச்சவரு, இருக்கும்னாரு மொதலாளி. கார்ல இங்கதான் வந்துக்கினு இருக்காரு.

— என்கிட்ட ஏதுய்யா ஆடு?

— இருக்கு, சாமி. வரும்போதே ஜட்காவுல ஏத்தியாந்து உங்க கெணத்தடியில கட்டிட்டேன். ஊட்டம்மா வச்ச துளசியில பாதி காலி.