கீழ்ப் பாதைக்கு ஒரு அம்பு

நாந்தான் தம்பி திருப்புனேன். இந்த மலையில வேற யாரு திருப்புவா. கண்டியில இருந்து வேல மெனக்கெட்டு வந்திருக்கீங்க, ஒங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும். மொதல்ல அந்த சீமெந்து மூட்டைய உள்ள தள்ளி வைங்க, நனையுது. கதிரையில ஒக்காருங்க. அதுல இல்ல, அதுக்குக் கால் ஆடும். தேத்தண்ணிக்கு சீனியா, கருப்பட்டியா?

ஆமா, ஒங்க அம்புப் பலகை கீழ்ப் பாதையக் காட்டுது. நான் அத மேல் பாதைக்குத் திருப்பி வுடுறேன். நீங்க ஆளனுப்பி சரி பண்றீங்க, நான் மறுபடி திருப்புறேன். இப்ப கம்பத்துக்கு சீமெந்து போட்டு இறுக்கிட்டா இந்த அங்கம்மாவால அசைக்க முடியாதுன்னு ஆபீஸ்ல சொல்லி அனுப்பியிருக்காங்க. முடியாதுதான். எனக்கு முட்டு வலி வேற. அதான் நீங்க சீமெந்து கலக்குறதுக்கு முன்ன ஒக்கார வச்சிப் பேசுறேன்.

மலையில நடக்க வர்ற வெளிநாட்டுக்காரங்க ஆபீஸுக்கு எழுதிப் போட்டிருக்காங்களா? என்னான்னு, மேல் பாதை செங்குத்து, மூச்சு வாங்குதுன்னா? நடக்கணும்னுதானே தம்பி பிளேன் ஏறி வர்றாங்க. மழ வந்தா நிப்பாங்கன்னு பாத்தேன், நிக்கல. பனி, காத்து, அடமழ, ஒண்ணுக்கும் நிக்கிறதில்ல. பிளாஸ்டிக்க மேல சுத்திக்கிட்டு சிரிச்சிக்கிட்டே போறாங்க. நாங்க காலம்பூரா இதே மழையில கொழுந்தெடுத்தோம், ஒருத்தரும் சிரிச்ச ஞாபகம் இல்ல.

மேல் பாதையோரம் கட இருக்குன்னு யாவாரத்துக்குத் திருப்புறேனா? யாரு சொன்னா, ஒங்க ஆபீஸ் பெரியவரா? இந்தக் கடையப் பாத்திருக்காரா அவரு? போன கெழம ஒரு வெள்ளக்காரம்மா என் தேத்தண்ணிய ஒரு வாய் குடிச்சிட்டு, ரொம்ப மரியாதையா மிச்சத்த நாய்க்கு ஊத்துச்சி. நாயும் குடிக்கல. யாவாரந்தான் பாக்கணும்னா பேசாம மடுல்கெல்ல டவுன்ல பஸ் நிக்கிற எடத்துல போட்டிருப்பேன்.

கீழ அட்ட கடிக்கும் தம்பி. ஆமா, மேலயும் கடிக்கும். கீழ ஒரு கொளவிக் கூடு இருக்கு. சரி, இப்ப இல்ல, இருந்துச்சி. மேல் பாதையில போனா கண்டி வரைக்கும் தெரியும், நல்லா இருக்கும் பாக்க. இன்னிக்கு மூட்டம், நம்ம கையே தெரியாது. சிரிக்கிறீங்க. சிரிங்க, பரவால்ல.

கீழ்ப் பாதை சமமா இருக்கு, நடக்க சொகமா இருக்குன்னுதானே சொல்றீங்க. இருக்கும். இந்த மலையில எங்கயாச்சும் சமமா ஒரு எடத்தப் பாத்தா, இது ஏன் சமமா இருக்குன்னு கேக்கணும். நீங்க வெளியாளு, ஒங்களுக்குத் தோணாது. அது எங்க லயம், வரிசையா வீடு கட்டி நாங்க குடியிருந்த எடம். மேல இருந்து மண் வந்து மூடிருச்சி.

அந்தப் பெரிய மழ வருசம், தீவாளிக்கு மறுநா காலையில. நான் பீலிக்குத் தண்ணி புடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தா லயத்துல கடைசி மூணு காம்பராவ, எங்க வீட்டோட சேத்து, காணோம். மத்தவங்கள எல்லாம் மண்ணத் தோண்டி எடுத்துட்டாங்க. எம்மவ சந்திரிகாவத்தான் எடுக்க முடியல. கட்டுகஸ்தோட்டையில புடவக் கடையில வேல அவளுக்கு. தீவாளிக்கு லீவு போட்டு வந்தவ, பஸ்ஸுக்கு நேரம் இருக்குன்னு தூங்கிக்கிட்டு இருந்தா. மண் இன்னும் எறங்குது, தோண்டுனா தோண்டுறவனும் போயிருவான்னு நிப்பாட்டிட்டாங்க. அதுவும் நெசந்தான். பூசாரி வந்து மஞ்சத்தண்ணி தெளிச்சாரு. பொறகு அதுல தேயிலக் கன்னு போட்டாங்க. நல்லா வந்திருக்கு, நீங்களே பாத்திருப்பீங்க.

அந்த நெரைக்குக் கொழுந்தெடுக்க எறங்குற பொம்பளைங்க எல்லாரும் செருப்பக் கழட்டி ஓரமா வச்சிட்டுத்தான் எறங்குவாங்க. யாரும் சொல்லிக் குடுக்கல. கங்காணியும் கழட்டுவாரு. ஒங்க நடக்குறவங்களுக்கு அது தெரியாது, அவுங்க மேல குத்தமும் இல்ல. ஆனா ஆளுக்கு ரெண்டு தடி, முனையில இரும்பு, மண்ணுல குத்திக் குத்திக்கிட்டே போறாங்க. ஒரு நாள் மனசு கேக்காம ஒரு ஆளுகிட்ட ஓடிப்போய் சப்பாத்தக் காட்டிக் கும்புட்டேன். பாவம், நான் சப்பாத்து கேக்குறேன்னு நெனச்சி, கழட்டி எங் கையில குடுத்துட்டு வெறுங்காலோட போயிட்டாரு. எனக்கு வேண்டியது அதுதானே, சும்மா இருந்துட்டேன். எல்லார்கிட்டயும் அப்பிடி சப்பாத்து வாங்க முடியுமா. அம்பத் திருப்புறது லேசு.

தேத்தண்ணி ஆறுது, குடிங்க. ஆபீஸ் ஓடர், நீங்க என்னா செய்வீங்க. என்னது? கீழ்ப் பாதையில நடுவுலயும் ஒரு கம்பம் நடணுமா? அதுக்குக் குழி எவ்வளவு ஆழம்? இடுப்பளவா.

சரி, தோண்டுங்க. நான் வந்து மறிக்க மாட்டேன். எந்த எடத்துல தோண்டுறதுன்னு மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்க தம்பி. அவ எந்தப் பக்கம் தலவச்சிப் படுத்திருக்கான்னு எனக்கே தெரியாது.